வீட்டிலேயே தமிழ்நாட்டுப் புவியியல் கற்பிப்பது எப்படி? தருமபுரி, கிருஷ்ணகிரிப் பெற்றோருக்கான வழிகாட்டி

என் மகளுக்கு ஒன்பது வயதானபோது சில குடும்பக் காரணங்களால் பள்ளியிலிருந்து நிறுத்தி, இரண்டு ஆண்டுகள் தருமபுரியில் வீட்டிலேயே வைத்துப் படிக்கவைத்தோம். தமிழும் கணக்கும் ஒருவாறு நடந்தன. புவியியலில்தான் முதல் நான்கு மாதங்களை வீணடித்தேன். கடையில் வாங்கிய சுவர் வரைபடத்தை மாட்டி, மாவட்டப் பெயர்களையும் தலைநகரங்களையும் விளைபொருள்களையும் மனப்பாடம் செய்யவைத்தேன், அவளும் ஒப்பித்தாள். ஒருநாள் அரூருக்குப் போகும் வழியில் வாணியாற்றுப் பாலத்தின்மேல் பேருந்து நின்றபோது, "இந்தத் தண்ணீர் ஒகேனக்கல்லுக்குப் போகுமா, அம்மா?" என்று கேட்டாள். அவளுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. அன்றிரவு அந்தச் சுவர் வரைபடத்தில் தேடினேன். அதில் வாணியாறே இல்லை.

அதன்பின் எல்லாவற்றையும் தலைகீழாக மாற்றி, வீட்டு வாசலிலிருந்து தொடங்கி மாநிலத்தின் எல்லைவரை போகும் ஒரு முறையை நாங்களே வகுத்துக்கொண்டோம். ஓராண்டுக்குரிய அந்த வேலைத்திட்டத்தை, செலவு, கால அளவு, ஆவணங்கள், நான் தடுக்கிய இடங்கள் ஆகியவற்றுடன் இங்கே எழுதுகிறேன். பிள்ளை பள்ளிக்குச் சென்றுகொண்டிருந்தாலும், விடுமுறை நாள்களில் மட்டும் செய்ய நினைத்தாலும் 2 முதல் 7 வரையுள்ள படிகள் அப்படியே பொருந்தும்.

1. முதலில் சான்றிதழ்களைச் சரிசெய்யுங்கள்

புவியியல் வழிகாட்டியில் இதற்கு என்ன வேலை என்று தோன்றலாம். ஆனால் பிள்ளையை முழுநேரமாக வீட்டில் படிக்கவைப்பவர்கள் பிற்பாடு சிக்கிக்கொள்வது பெரும்பாலும் இந்த இடத்தில்தான் என்பதால் இதையே முதலில் வைக்கிறேன்.

பள்ளியிலிருந்து நிறுத்தும்போது மாற்றுச் சான்றிதழை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். பிள்ளையின் எமிஸ் எண்ணை, அதாவது பள்ளிக் கல்வித் துறையின் இணையப் பதிவேட்டில் அவளுக்குரிய எண்ணை, குறித்துக்கொள்ளுங்கள். எமிஸ் தளத்தில் அவள் பெயர் அந்தப் பள்ளியின் பட்டியலிலிருந்து, எந்தப் பள்ளியிலும் இல்லாத மாணவர்களுக்கான பொதுத் தொகுப்புக்கு மாற்றப்பட்டுவிட்டதா என்று கேட்டு உறுதிசெய்யுங்கள். எங்கள் விஷயத்தில் அது செய்யப்படவில்லை. இரண்டு ஆண்டுகள் கழித்து ஆறாம் வகுப்பில் சேர்க்கப் போனபோது, புதிய பள்ளியால் அவள் பெயரை ஏற்ற முடியவில்லை. பழைய பள்ளிக்கும் புதிய பள்ளிக்கும் மூன்று வாரங்கள் அலைந்தோம். பொதுத் தொகுப்புக்கு மாற்றுவது சில நிமிட வேலை, ஆனால் மாற்ற வேண்டியவர் அவர்கள்தான், நாம் அல்ல.

பிறப்புச் சான்றிதழ், ஆதார் அட்டை, சாதிச் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ் ஆகிய நான்கிலும் பெயரின் எழுத்தும் முன்னெழுத்தும் ஒன்றுபோல இருக்கின்றனவா என்று இப்போதே ஒப்பிட்டுப் பாருங்கள். 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயதுவரையுள்ள பிள்ளைகளுக்கானது. இடையில் படிப்பு நின்ற பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க அதன் 4ஆம் பிரிவு வழிசெய்கிறது. ஆகவே மீண்டும் பள்ளிக்குத் திரும்பும் வாசல் திறந்தே இருக்கிறது. தேர்வு வழியாகப் போக விரும்புபவர்களுக்கு இரண்டு பாதைகள் உண்டு. தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் அடிப்படைக் கல்வித் திட்டத்தில் 3, 5, 8ஆம் வகுப்புகளுக்கு இணையாக ஏ, பி, சி என மூன்று நிலைகள் இருக்கின்றன. அதன் பத்தாம் வகுப்புக்கு 14 வயது நிறைந்திருக்க வேண்டும். மாநில அரசுத் தேர்வுத் துறை நடத்தும் எட்டாம் வகுப்புத் தனித்தேர்வுக்குப் பன்னிரண்டரை வயது நிறைந்திருக்க வேண்டும். எந்தப் பாதையானாலும் பிறப்புச் சான்றிதழ் நகலைக் கேட்பார்கள் என்பதால் பல நகல்களை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

2. புத்தகங்கள்: வாங்குவதற்கு முன் இலவசமாகக் கிடைப்பவற்றைச் சேருங்கள்

தமிழ்நாடு அரசின் பாடநூல்கள் அனைத்தும் பிடிஎஃப் வடிவில் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பத்தாம் வகுப்புச் சமூக அறிவியல் நூலின் புவியியல் பகுதியில் கடைசி இரண்டு அலகுகள் முழுக்க முழுக்கத் தமிழ்நாட்டைப் பற்றியவை. ஒன்று நிலம், ஆறு, காலநிலை ஆகிய இயற்கைக் கூறுகளையும், மற்றொன்று வேளாண்மை, தொழில், மக்கள் ஆகியவற்றையும் விளக்குகிறது. ஒன்பது வயதுப் பிள்ளை அதைத் தானாகப் படிக்க முடியாது, படிக்கவும் வேண்டாம். நீங்கள் ஒரு பத்தியைப் படித்துப் புரிந்துகொண்டு, உங்கள் சொற்களில் சொல்லுங்கள். நான் செய்த பிழை, அதை அவள் கையில் கொடுத்து "படி" என்று சொன்னது.

அடுத்ததாக, மாவட்ட மைய நூலகத்திலோ அருகிலுள்ள கிளை நூலகத்திலோ உறுப்பினராகிவிடுங்கள். காப்புத்தொகையும் ஆண்டுச் சந்தாவும் மிகக் குறைவு. விலகும்போது காப்புத்தொகை திரும்பக் கிடைக்கும். முகவரிச் சான்றும் புகைப்படமும் எடுத்துச் செல்லுங்கள். கிளை நூலகங்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை என்பது தெரியாமல் நாங்கள் இருமுறை பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பினோம். மாவட்டப் புள்ளியியல் கையேடு, நிலவரைபடத் தொகுப்பு போன்ற நோக்கு நூல்களை வீட்டுக்குத் தர மாட்டார்கள். எனவே ஒரு நோட்டுப் புத்தகத்துடன் போய் அங்கேயே உட்கார்ந்து குறிப்பெடுங்கள். பிள்ளைக்கு அது தனி அனுபவம், அவசரப்படுத்த வேண்டாம்.

பழைய நூல்களில் மூன்று இடங்களைக் கவனமாகப் பார்க்க வேண்டும். முதலாவது மாவட்டங்களின் எண்ணிக்கை. 2019இல் கள்ளக்குறிச்சி, தென்காசி, திருப்பத்தூர், ராணிப்பேட்டை, செங்கல்பட்டு ஆகிய ஐந்தும், 2020இல் மயிலாடுதுறையும் உருவாகி மொத்தம் 38 ஆயின. ஆனால் 32 மாவட்டங்களைக் காட்டும் வரைபடங்கள் இன்னமும் கடைகளில் விற்கின்றன, நான் வாங்கியதும் அப்படிப்பட்டதே. இரண்டாவது மக்கள்தொகை. நூல்களில் பெரும்பாலும் இருப்பது 2011ஆம் ஆண்டுக் கணக்கு; அதன்படி தருமபுரி மாவட்டத்தில் 15,06,843 பேர், கிருஷ்ணகிரி மாவட்டத்தில் 18,79,809 பேர். எண்ணை எழுதும்போதெல்லாம் ஆண்டையும் சேர்த்து எழுதப் பழக்குங்கள். மூன்றாவது வட்டங்கள். அந்தக் கணக்கெடுப்புக்குப் பிறகு தருமபுரியில் காரிமங்கலமும் நல்லம்பள்ளியும், கிருஷ்ணகிரியில் பர்கூரும் சூளகிரியும் அஞ்செட்டியும் தனி வட்டங்களாயின. நீங்கள் இருக்கும் வட்டமே நூலில் இல்லாமல் போகலாம்.

3. அடிப்படை வரைபடத்தை நீங்களே வரையுங்கள்

இதற்கு நான்கு நாள்கள் ஒதுக்குங்கள். இணையத்திலிருந்து வெளிக்கோட்டுப் படத்தை எடுத்து ஜெராக்ஸ் கடையில் பெரிதாக்கினால் அளவுகோல் குலைந்துவிடும். பிறகு அதில் எந்தத் தொலைவையும் அளக்க முடியாது. அதற்குப் பதிலாக இப்படிச் செய்யுங்கள்.

கடையில் கிடைக்கும் முழு அளவு சார்ட் தாள் ஏறக்குறைய 71 சென்டிமீட்டர் நீளமும் 56 சென்டிமீட்டர் அகலமும் உடையது. ஒரு சென்டிமீட்டர் என்பது பத்துக் கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால் தமிழ்நாடு முழுவதும் அதில் சரியாக அடங்கிவிடும். தாளை நிமிர்த்தி வைத்து, அடியில் 8 பாகை வட அட்சக்கோட்டையும், இடப்பக்கத்தில் 76 பாகை கிழக்குத் தீர்க்கக்கோட்டையும் வரையுங்கள். மேல்நோக்கி ஒவ்வொரு 11.1 சென்டிமீட்டருக்கும் ஓர் அட்சக்கோடு, வலப்பக்கமாக ஒவ்வொரு 10.9 சென்டிமீட்டருக்கும் ஒரு தீர்க்கக்கோடு. அட்சத்தில் 14 வரைக்கும் தீர்க்கத்தில் 81 வரைக்கும் போனால் தாள் நிறைந்துவிடும். இடப்பக்க ஓரம் மிகக் குறைவாகவே எஞ்சும் என்பதால் முதல் கோட்டை ஓரத்தை ஒட்டியே தொடங்குங்கள்.

இப்போது ஊர்களைப் புள்ளிகளாக வையுங்கள். தருமபுரி அடிக்கோட்டிலிருந்து 46 சென்டிமீட்டர் மேலே, இடக்கோட்டிலிருந்து 23.6 சென்டிமீட்டர் தள்ளி வரும். கன்னியாகுமரி அடிக்கோட்டுக்குச் சற்று மேலே, 17 சென்டிமீட்டர் தள்ளி வரும். சென்னை 56.4 சென்டிமீட்டர் மேலே, 46.5 தள்ளி. இப்படி எல்லையோர ஊர்களையும் கடலோர ஊர்களையும் இருபது முப்பது புள்ளிகளாக வைத்துவிட்டு, பாடநூல் வரைபடத்தைப் பார்த்து அவற்றை இணைத்தால் மாநிலத்தின் வெளிக்கோடு கிடைத்துவிடும். என் மகள் மூன்றாம் நாள் தூத்துக்குடியையும் ராமேஸ்வரத்தையும் இணைத்தபோது, "இது அந்தப் படத்தில் இருக்கிற மூக்கு!" என்று தானாகவே கண்டுகொண்டாள்.

வரைந்து முடித்ததும் ஒரு நூலை எடுத்துத் தருமபுரியிலிருந்து சென்னைவரை நேராக வைத்து அளக்கச் சொல்லுங்கள். 25 சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமாக, அதாவது 250 கிலோமீட்டர் அளவில் வரும். ஆனால் சாலைவழி ஏறத்தாழ 300 கிலோமீட்டர். ஏன் இந்த வேறுபாடு என்ற கேள்வியைப் பிள்ளையே கேட்பாள். நீங்கள் முந்திக்கொண்டு சொல்லிவிடாதீர்கள்.

நிறம் தீட்டும்போது ஒரு பிழை பரவலாக நடக்கிறது. புதுச்சேரியும் காரைக்காலும் தமிழ்நாட்டின் பகுதிகள் அல்ல. ஒன்று விழுப்புரம், கடலூர் மாவட்டங்களுக்கு இடையிலும் மற்றொன்று மயிலாடுதுறை, நாகப்பட்டினம் மாவட்டங்களுக்கு இடையிலும் இருப்பதால், அவற்றையும் சேர்த்து ஒரே நிறமாகத் தீட்டிவிடுகிறோம். அவற்றை வெள்ளையாக விட்டுவிடுங்கள். நம் பக்கத்தில், கிருஷ்ணகிரி மாவட்டம் ஆந்திரம், கர்நாடகம் ஆகிய இரு மாநிலங்களையும் தொடுகிறது என்பதை எல்லைக்கோட்டில் தெளிவாகக் காட்டுங்கள். ஓசூர்ச் சந்தையில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே கடையில் ஒலிப்பதற்கான காரணம் பிள்ளைக்கு அந்தக் கோட்டிலேயே விளங்கிவிடும்.

உங்கள் ஊரை மட்டும் பெரிதாகப் பார்க்க வேண்டுமானால், இந்திய நில அளவைத் துறையின் இணைய வரைபடத் தளத்தில் பதிவுசெய்துகொண்டு 1:50,000 அளவுத் தாள்களைப் பதிவிறக்கலாம். அதில் இரண்டு சென்டிமீட்டர் ஒரு கிலோமீட்டருக்குச் சமம். ஏரி, ஓடை, ஒற்றையடிப் பாதை, ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் சமஉயரக் கோடுகள் எல்லாம் தெரியும். அச்சிடும்போது "பக்கத்துக்கேற்பச் சுருக்கு" என்னும் தெரிவை அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் அளவுகோல் பொய்யாகிவிடும்.

4. இரண்டு ஆறுகளைத் தொடருங்கள்

இந்தத் திட்டம் முழுவதிலும் எங்களுக்கு மிகுந்த பயன் தந்தது இந்தப் படிதான். மகள் பாலத்தின்மேல் கேட்ட கேள்விக்கான விடையும் இதில்தான் இருக்கிறது.

தருமபுரி மாவட்டத்தில் பெய்யும் மழை இரண்டாகப் பிரிகிறது. ஓட்டு வீட்டின் முகட்டில் விழும் மழை இருபுறமும் வழிவதைப் போல, பாலக்கோடு, பென்னாகரம் பக்கத்து நீர் சின்னாறு, நாகாவதி, தொப்பையாறு வழியாகக் காவிரிக்குப் போகிறது; பாப்பிரெட்டிப்பட்டி, அரூர் பக்கத்து நீர் வாணியாறு வழியாகத் தென்பெண்ணைக்குப் போகிறது. ஒன்று பூம்புகாருக்கு அருகிலும் மற்றொன்று கடலூருக்கு அருகிலும் வங்கக் கடலைச் சேர்கின்றன. நம் மாவட்டத்தில் ஓடும் எந்தச் சிற்றாற்றை எடுத்தாலும் அது இந்த இரண்டில் ஒன்றைத்தான் சேரும் என்பதைப் பிள்ளை வரைபடத்தில் கண்டுபிடிக்கும்போது, மாநிலம் முழுவதற்கும் ஒரு திறவுகோல் கிடைத்ததைப்போல இருக்கும்.

செய்ய வேண்டியது இதுதான். நீங்கள் வரைந்த வரைபடத்தில் நீல நிறப் பென்சிலால் தென்பெண்ணையை வரையுங்கள். கர்நாடகத்தில் நந்தி மலைப் பகுதியில் தோன்றி, ஓசூருக்கு அருகே தமிழ்நாட்டுக்குள் வந்து, கெலவரப்பள்ளி அணை, கிருஷ்ணகிரி அணை, காவேரிப்பட்டணம், இருமத்தூர், அனுமந்தீர்த்தம், சாத்தனூர் அணை, திருக்கோவிலூர் என்று வந்து கடலூரில் முடிகிறது. காவேரிப்பட்டணம் என்ற பெயரைப் பார்த்துப் பிள்ளைகள் அதைக் காவிரிக் கரையில் வைத்துவிடுவார்கள். அது தென்பெண்ணைக் கரையில் உள்ள ஊர். காவிரிக்குப் பிலிகுண்டுலு, ஒகேனக்கல், மேட்டூர் என்று தொடங்கிக் கல்லணைவரை குறியுங்கள்.

பிறகு ஜூன் முதல் செப்டம்பர்வரை நாளிதழில் வரும் நீர்வரத்துச் செய்தியைத் தினமும் ஒரு வரியாக எழுதச் செய்யுங்கள்: ஒகேனக்கல்லுக்கு வரும் நீர் எத்தனை கன அடி, மேட்டூரின் மட்டம் எத்தனை அடி. மேட்டூர் அணையின் முழு மட்டம் 120 அடி, கிருஷ்ணகிரி அணையின் முழு மட்டம் 52 அடி. ஒரு கன அடி நீர் என்பது ஏறத்தாழ 28 லிட்டர். ஆகவே நொடிக்கு ஆயிரம் கன அடி என்றால் நம் வீட்டு ஆயிரம் லிட்டர்த் தொட்டி ஒரு நொடியில் 28 முறை நிறையும். இதைக் கணக்கிட்ட அன்று என் மகள் மாடிக்குப் போய்த் தொட்டியை எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள். இந்த எண்களைக் கட்டத்தாளில் கோட்டு வரைபடமாக்கினால், கர்நாடகத்தில் மழை பெய்து சில நாள்கள் கழித்து இங்கே கோடு ஏறுவது கண்ணுக்குத் தெரியும். மேட்டூரிலிருந்து டெல்டாப் பாசனத்துக்கு வழக்கமாக நீர் திறக்கும் நாள் ஜூன் 12. அந்த நாளையும் சிவப்பில் குறித்து வையுங்கள்.

5. காகிதக்கூழில் மேடுபள்ள வரைபடம்

இதற்காகத் தெர்மாகோலும் விலையுயர்ந்த மாதிரிக் களிமண்ணும் வாங்க வேண்டியதில்லை. நம் பாட்டிமார்கள் கூடை மெழுகப் பயன்படுத்திய காகிதக்கூழே போதும். பழைய செய்தித்தாளைக் கிழித்து இரண்டு நாள்கள் ஊறவையுங்கள்; ஒரு கைப்பிடி வெந்தயத்தை இரவு முழுவதும் ஊறவைத்து, இரண்டையும் சேர்த்து அரைத்துப் பிழிந்தெடுங்கள். சார்ட் தாளின்மேல் கூழை வைத்தால் தாள் சுருண்டுவிடும் என்பதால், வரைபடத்தைக் கார்பன் தாள் வைத்து ஒரு ஹார்டுபோர்டுப் பலகையில் படியெடுத்து, அதன்மேல் வையுங்கள்.

உயரத்துக்கு ஒரு சென்டிமீட்டரை ஆயிரம் மீட்டராகக் கொள்ளுங்கள். கிடைமட்ட அளவோடு ஒப்பிட்டால் இது பத்து மடங்கு மிகை. இந்த மிகை இல்லாவிட்டால் தொட்டபெட்டாவே கால் சென்டிமீட்டர்தான் வரும். இந்த அளவில் 2,637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டா 2.6 சென்டிமீட்டர், ஓசூர் 0.9 சென்டிமீட்டர், தருமபுரி அரை சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு, காவிரி டெல்டாவுக்குக் கூழே தேவையில்லை. ஆனைமுடியைத் தமிழ்நாட்டின் உயர்ந்த சிகரமாக எழுதுவது பலர் செய்யும் பிழை. அது கேரளத்தில் உள்ளது.

ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கும், தருமபுரியிலிருந்து தொப்பூர்க் கணவாய் வழியாகச் சேலத்துக்கும் நிலம் படிபடியாக இறங்குவதை விரலால் தடவிப் பார்க்கும்போது, தொப்பூரில் லாரிகள் ஏன் மெல்ல இறங்குகின்றன என்பதைப் பிள்ளை உணர்கிறாள். காய்வதற்கு நல்ல வெயிலில் ஒரு வாரம் ஆகும். நாங்கள் ஐப்பசியில் செய்து, பூஞ்சை பிடித்து, முழுவதையும் குப்பையில் போட்டோம். மாசி, பங்குனியில் செய்யுங்கள். காயும்போது கூழ் சுருங்கும் என்பதால் மலைகளைச் சற்றுக் கூடுதலாக உயர்த்தி வையுங்கள்.

6. அஞ்சறைப் பெட்டியிலிருந்து மாநிலம்வரை

வீட்டுச் சமையலறையில் உள்ள இருபது பொருள்களை எழுதி, ஒவ்வொன்றும் எங்கே விளைந்தது என்று கடைக்காரரிடம் பிள்ளையே கேட்கட்டும். "மண்டியிலிருந்து வருகிறது" என்பதுதான் முதல் விடையாக இருக்கும். அதோடு திரும்பிவிடாமல், மண்டிக்கு எங்கிருந்து வருகிறது என்று அடுத்த கேள்வியைக் கேட்கச் சொல்லிக்கொடுங்கள். எங்கள் பட்டியலில் உப்பு தூத்துக்குடியிலிருந்தும், மஞ்சள் ஈரோட்டிலிருந்தும், ஜவ்வரிசி சேலத்திலிருந்தும், புளி பென்னாகரத்திலிருந்தும், தக்காளி பாலக்கோடு, ராயக்கோட்டைப் பக்கத்திலிருந்தும் வந்தன. கேழ்வரகும் சாமையும் நம் மாவட்டத்தவை. சீரகம் எங்கே என்று தேடியபோது அது குஜராத், ராஜஸ்தான் பக்கத்திலிருந்து வருவதை அறிந்தோம். அதற்கான புள்ளியை வைக்க வரைபடத்தில் இடமில்லாததால் வடக்கு ஓரத்தில் ஓர் அம்புக்குறி போட்டோம்.

பொட்டலத்தில் அச்சிட்டிருக்கும் முகவரியை விளைந்த இடமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அது பொட்டலம் கட்டிய இடம் மட்டுமே. கிருஷ்ணகிரியில் இருப்பவர்கள் மாம்பருவத்தில், அதாவது ஏப்ரல் முதல் ஜூலைக்குள், இந்தப் படியை மாங்காயிலிருந்தே தொடங்கலாம். நாம் கிளிமூக்கு என்று சொல்லும் பெங்களூரா வகை பெரும்பாலும் கூழ் ஆலைக்குப் போகிறது. மல்கோவா பழமாகவே விற்கிறது. ஒரே தோப்பில் விளையும் இரு மரங்களின் பழங்கள் ஏன் வெவ்வேறு பாதையில் போகின்றன என்று தோப்புக்காரரிடம் கேட்டால் அரைமணி நேரம் ஆர்வமாகச் சொல்வார். எந்தப் பாடநூலும் அப்படிச் சொல்லித்தராது என்பது என் அனுபவம்.

7. மழைமானியும் வெளிப்பயணங்களும்

மழைமானி செய்ய நேர்ச்சுவருள்ள பிளாஸ்டிக் புட்டி ஒன்றின் மேற்பகுதியை வெட்டிக் கவிழ்த்துப் புனலாக வையுங்கள். புட்டியின் அடிப்பகுதி வளைவாக இருக்கும் என்பதால், கூழாங்கல் போட்டு வளைவு மறையும்வரை நீர் ஊற்றி, அந்த மட்டத்தைச் சுழியமாகக் குறியுங்கள். இதைச் செய்யாவிட்டால் ஒவ்வொரு அளவும் தவறாகும். கூரை, மரம் எதுவும் மறைக்காத இடத்தில் வைத்து, தினமும் காலை எட்டரை மணிக்கு அளக்கவும். வானிலைத் துறையும் அதே நேரத்தில் அளப்பதால், மறுநாள் நாளிதழில் வரும் தருமபுரி, பாலக்கோடு, மாரண்டஅள்ளி, பென்னாகரம், அரூர் அளவுகளோடு உங்கள் எண்ணை ஒப்பிடலாம். ஜூன் முதல் தேதி தொடங்கி டிசம்பர் இறுதிவரை அளந்தால் தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டும் பதிவாகிவிடும்.

பயணங்களை மூன்றுக்கு மேல் வைத்துக்கொள்ளாதீர்கள். ஒகேனக்கல், கிருஷ்ணகிரி அணை, வத்தல்மலை ஆகிய மூன்றும் ஆறு, தேக்கம், மலை என்று நமக்கு வேண்டியவற்றைத் தந்துவிடும். வத்தல்மலையில் காப்பித் தோட்டத்தையும் பார்க்கலாம். அரசுப் பேருந்தில் ஐந்து வயதுவரை கட்டணம் இல்லை, பன்னிரண்டு வயதுவரை அரைச் சீட்டு. சாதாரண நகரப் பேருந்தில் அம்மாவுக்குக் கட்டணமே இல்லை. ஒகேனக்கல்லில் நீர்வரத்து உயர்ந்தால் பரிசலுக்கும் குளிப்பதற்கும் தடை விதிப்பார்கள். அது பெரும்பாலும் ஜூலை, ஆகஸ்டில் நடக்கும். நாங்கள் அப்படி ஒருநாள் போய்த் திரும்பினோம். அதனால் கிளம்புவதற்கு முன் அன்றைய செய்தியைப் பாருங்கள். ஆலை, பட்டுக்கூடு விற்பனை நிலையம் போன்ற இடங்களைப் பார்க்க விரும்பினால், பிள்ளையின் பெயர், வயது, வரும் நாள், நோக்கம் ஆகியவற்றை எழுதிய ஒருபக்கக் கடிதத்தை இரண்டு வாரங்களுக்கு முன்னரே நேரில் கொடுத்துவிடுங்கள். நகலில் பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்து வாங்கிக்கொள்வது நல்லது.

8. செலவும் கால அட்டவணையும்

ஓராண்டுக்கு எங்களுக்கு ஆன மொத்தச் செலவு பயணம் நீங்கலாக ஆயிரத்து நானூறு ரூபாய்க்குள் அடங்கியது. அதில் வீணானது சுவர் வரைபடத்துக்குக் கொடுத்த முந்நூற்றைம்பதும், ஃபேன்சி ஸ்டோரில் வாங்கிய ஒட்டுப் படங்களுக்குக் கொடுத்த நூற்றிருபதும். சார்ட் தாள், ஹார்டுபோர்டு, வண்ணங்கள், கட்டத்தாள் நோட்டு, கோப்பு ஆகியவையே உண்மையில் தேவைப்பட்டன. செயல்திட்டங்களைக் காசுக்குச் செய்து தரும் கடைகள் நம் ஊர்களிலும் இருக்கின்றன. அங்கே போகவே வேண்டாம். பிள்ளையின் கோணல் கோடு அவளுடையது, அது அப்படியே இருக்கட்டும்.

மே மாதத்தில் ஆவணங்களும் நூலக உறுப்பினர் அட்டையும், ஜூன் முதல் வாரத்தில் மழைமானியும் வரைபடமும், ஜூன் முதல் செப்டம்பர்வரை ஆறுகள், அக்டோபர் முதல் ஜனவரிவரை அஞ்சறைப் பெட்டியும் நூலகக் குறிப்புகளும், பிப்ரவரி, மார்ச்சில் காகிதக்கூழ் வரைபடம் என்று வைத்துக்கொண்டால் வாரத்துக்கு மூன்று மணி நேரம் போதும். எட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு 3ஆம் படியில் உள்ள பாகைக் கணக்கை விட்டுவிட்டு, புள்ளிகளை நீங்களே வைத்துக் கொடுங்கள். பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டவர்கள் இரு மாவட்டங்களின் பயிர்ப் பரப்பையும் புள்ளியியல் கையேட்டிலிருந்து எடுத்து ஒப்பிடலாம்.

9. கோப்பு

மீண்டும் பள்ளியில் சேர்க்கப் போன நாளில், "இரண்டு ஆண்டுகளாக என்ன படித்தாள்?" என்று தலைமையாசிரியர் கேட்டார். முதல் ஆண்டின் நோட்டுகளை நீட்டினேன். எந்தப் பக்கத்திலும் தேதி இல்லை. அவர் புரட்டிவிட்டு மூடிவைத்தார். இரண்டாம் ஆண்டின் கோப்பைக் கொடுத்தபோதுதான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பார்த்தார்.

அந்தக் கோப்பில் ஒவ்வொரு பக்கத்தின் மேலும் தேதி, இடம், செலவான நேரம் ஆகிய மூன்றும் இருந்தன. பயணப் பக்கங்களில் பேருந்துச் சீட்டுகளை ஒட்டியிருந்தோம். வெப்பத்தில் அச்சாகும் சீட்டுகள் சில மாதங்களில் வெளிறிவிடும் என்பதால், ஒட்டுவதற்கு முன் ஒரு நகல் எடுத்துவிடுங்கள். காகிதக்கூழ் வரைபடத்தைத் தூக்கிக்கொண்டு போக முடியாது; ஆகவே அதை மேலிருந்தும் பக்கவாட்டிலும் படமெடுத்து, பின்புறம் தேதி எழுதிச் சேருங்கள். பிள்ளை தன் கையால் எழுதிய பத்து வரிக் குறிப்பு ஒவ்வொரு படிக்கும் இருக்கட்டும். நீங்கள் திருத்தி நேர்த்தியாக எழுதித் தராதீர்கள், கேட்பவருக்கு அது உடனே தெரிந்துவிடும். முதல் பக்கத்தில் பிள்ளையின் பெயர், பிறந்த தேதி, எமிஸ் எண், தொடங்கிய நாள் ஆகியவற்றை எழுதி, அதற்கு அடுத்து பிறப்புச் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ் நகல்களை வைத்துவிட்டால், சேர்க்கைக்கோ தனித்தேர்வு விண்ணப்பத்துக்கோ அந்த ஒரு கோப்பை மட்டும் எடுத்துக்கொண்டு போகலாம்.